நத்தைக் குடல் நொதிச் சோதனை: அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

நத்தையின் செரிமானச் சாறு ஆய்வகத்துக்குப் புதிய பொருள் அல்ல. ஹெலிக்ஸ் பொமேஷியா நத்தையின் சாறு செல்லுலோஸைக் கரைக்கிறது என்பதை பீடர்மான், மோரிட்ஸ் ஆகிய இருவரும் 1898இலேயே வெளியிட்டார்கள். ஈஸ்ட் செல்லின் சுவரைக் கரைத்து உள்ளிருக்கும் புரோட்டோபிளாஸ்ட்டைப் பிரித்தெடுக்க, 1957இல் எடியும் வில்லியம்சனும் நத்தைச் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். சிறுநீரில் ஸ்டீராய்டுகளை அளக்கும் ஆய்வகங்கள் இன்றும் அதே நத்தையின் குளுகுரோனிடேஸ்–சல்ஃபடேஸ் கலவையை வாங்கி வைத்திருக்கின்றன. இவ்வளவு வீரியமுள்ள சாறு, புதிதாகச் சோதனை செய்யும் ஒருவர் கையில் ஏன் அடிக்கடி பொய்த்துப் போகிறது?

என் அனுபவத்தில், குழாயில் தெரியும் பிழைகளில் பெரும்பகுதி நத்தை உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டவை. கடைசியாக எப்போது தின்றது, எதைத் தின்றது, விழித்திருந்ததா, கோடை உறக்கத்தில் இருந்ததா, எந்த உறுப்பை எப்படி வெட்டி எடுத்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதி வைக்காதவர், வேதிப்பொருளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் முதலில் விலங்கைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் கருவிக்கு வருகிறேன்.

வேலைக்கு முன் ஒரு எச்சரிக்கை. நிலநத்தைகளில், குறிப்பாக அகாட்டினா ஃபுலிகா என்ற ஆப்பிரிக்க ராட்சத நத்தையில், எலியின் நுரையீரல் புழுவான ஆஞ்சியோஸ்ட்ராஞ்சைலஸ் கான்டோனென்சிஸின் இளம்புழுக்கள் இருக்கலாம். மனித உடலுக்குள் போனால் அவை மூளை உறையழற்சியை உண்டாக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நத்தையை அறுக்காதீர்கள். திசுவை மூடியுள்ள அரைப்பானில்தான் அரைக்க வேண்டும். பைப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால் அது இன்றோடு நிற்கட்டும்.

உணவு போகும் வழி

இந்த வரைபடம் மனதில் இல்லாமல் எந்தப் பிழையையும் பிடிக்க முடியாது. வாயில் தாடையும், பற்கள் வரிசை வரிசையாக அமைந்த ராடுலாவும் உணவைச் சுரண்டி எடுக்கின்றன. உணவுக்குழல் வழியே அது தீனிப்பைக்குப் போகிறது. தீனிப்பை மெல்லிய சுவருள்ள பை. உள்ளிருக்கும் பழுப்புச் சாறு வெளியிலிருந்தே தெரியும். அதன் இருபுறமும் வெள்ளையாக, தட்டையாக ஒட்டிக்கொண்டிருப்பவை உமிழ்நீர்ச் சுரப்பிகள். தீனிப்பையின் மேல் படர்ந்திருந்தாலும் அவற்றின் நாளங்கள் வாய்க்குழியில்தான் திறக்கின்றன. அடுத்து வரும் சிறிய இரைப்பை, செரிமானச் சுரப்பிக்குள் பாதி புதைந்திருக்கும். ஓட்டின் மேல் சுற்றுகளை நிரப்பியிருக்கும் பழுப்பு நிறத் திசுதான் அந்தச் சுரப்பி. அதற்குப் பின் குடல். அது வளைந்து மலக்குடலாகி, மூச்சுத்துளைக்கு அருகே முடிகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, செரிமானம் இரண்டு இடங்களில் நடக்கிறது என்பது. மாவுப்பொருள், செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், கைட்டின் போன்ற பெரிய சர்க்கரைச் சங்கிலிகள் தீனிப்பையிலும் இரைப்பையிலும் சாற்றுக்குள்ளேயே உடைகின்றன. புரதத்தின் கதை வேறு. அதன் பெரும்பங்கு செரிமானச் சுரப்பியின் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, அமிலத்தன்மை உள்ள சின்னஞ்சிறு பைகளில் உடைக்கப்படுகிறது. தீனிப்பைச் சாற்றில் புரோட்டியேஸ் (புரதத்தை உடைக்கும் நொதி) குறைவாக இருக்கிறது என்று ஒருவர் கவலைப்பட்டால், அவர் தேடும் இடம் தவறு என்பதே பெரும்பாலும் பதில்.

அறிகுறி: நொதி வேலை செய்வதாகவே தெரியவில்லை

நத்தையின் நிலையைப் பாருங்கள். ஓட்டின் வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு உறங்கிய நத்தையை எழுப்பி உடனே அறுத்தால், அதன் செரிமானச் சுரப்பி தின்று திரியும் நத்தையின் சுரப்பியைப் போல இருக்காது. ஈரம் கொடுத்து எழுப்பி, சில நாட்கள் உண்ணவிட்டு, பிறகு 24 முதல் 48 மணி நேரம் பட்டினி போட்டு எடுப்பது நம்பகமான வழி. பட்டினி போட்டால் நொதி போய்விடுமே என்ற பயம் பலருக்கு உண்டு. குறுகிய பட்டினியில் தீனிப்பையில் உணவுத் துணுக்குகள் குறைந்து, தெளிவான பழுப்புச் சாறு தங்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து, எடுத்தது எந்த உறுப்பு? நத்தையை அறுத்துப் பழகாதவர்கள் கருப்புரதச் சுரப்பியைச் செரிமான உறுப்பு என்று நினைத்து எடுத்துவிடுவது உண்டு. அது இளமஞ்சளாகவோ வெண்மையாகவோ உப்பலாக இருக்கும், இனப்பெருக்க உறுப்பு. அதில் நிறைந்திருப்பது கேலக்டோஜன் என்ற பல்சர்க்கரை. நீங்கள் தேடும் நொதி அல்ல.

உறுப்பு சரி என்றால், சோதனை முறையைக் கேளுங்கள். இங்கே நான் மிகுதியாகக் காணும் பிழை பாரா-நைட்ரோஃபீனைல் தளப்பொருட்களில் (தளப்பொருள் என்பது நொதி உடைக்கும் பொருள்) வருவது. பீட்டா-குளுகோசிடேஸ் சோதனையில் நொதி வேலை செய்தால் பாரா-நைட்ரோஃபீனால் விடுபடும், அது மஞ்சள். ஆனால் மஞ்சளாகத் தெரிவது அதன் அயனி வடிவம் மட்டுமே. அந்த மூலக்கூறின் பிகேஏ மதிப்பு, அதாவது பாதி மூலக்கூறுகள் அயனியாக இருக்கும் பிஹெச், 7ஐச் சற்றே தாண்டுகிறது. நத்தை நொதிக்காக நீங்கள் வைத்திருக்கும் பிஹெச் 5 தாங்கல் கரைசலில் (பிஹெச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்), விடுபட்டதில் நூற்றில் ஒரு பங்குகூட மஞ்சளாக இருக்காது. குழாய் தண்ணீர் போலவே நிற்கும். நேரம் முடிந்ததும் சோடியம் கார்பனேட் கரைசலைச் சேர்த்துப் பாருங்கள்: துளி விழுந்த இடத்தில் மஞ்சள் இழை ஒன்று சுழன்று இறங்கும், குலுக்கியதும் குழாய் முழுவதும் பரவும். கார்பனேட் நொதியையும் நிறுத்திவிடுகிறது, நிறத்தையும் வெளிக்கொண்டு வருகிறது. அதன் பிறகே 405 நானோமீட்டரில் அளக்க வேண்டும். நொதி இல்லை என்று முடிவு கட்டிய பல குறிப்பேடுகளில் இந்த ஒரு படி விடுபட்டிருக்கும்.

குளுகோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரையை டிஎன்எஸ் முறையில், அதாவது டைநைட்ரோசாலிசிலிக் அமிலம் சர்க்கரையோடு சூடாகும்போது சிவப்பதைக் கொண்டு, அளப்பவர்களுக்கு வேறு ஒரு பொறி உண்டு. சர்க்கரை மிகக் குறைவாக இருக்கும்போது டிஎன்எஸ் நிறமே காட்டாது. கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்தச் சிறிய அளவை விழுங்கிவிடும். உங்கள் குளுகோஸ் திட்டவரைகோடு பூஜ்யத்தின் வழியே போகாமல் சற்றுத் தள்ளி அச்சை வெட்டினால் காரணம் இதுதான். எல்லாக் குழாய்களிலும், பிளாங்க் (நொதி வினை நடக்காத ஒப்பீட்டுக் குழாய்) உட்பட, தெரிந்த சிறு அளவு குளுகோஸை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் அளவீடு அந்தக் குருட்டுப் பகுதியைத் தாண்டிவிடும்.

தாங்கல் கரைசலையும் விட்டுவிடாதீர்கள். சல்ஃபடேஸைத் தேடுபவர் பாஸ்பேட் தாங்கலில் வேலை செய்தால் கைக்கு ஒன்றும் கிடைக்காது. நத்தையின் அரைல்சல்ஃபடேஸைப் பாஸ்பேட்டும் சல்ஃபேட்டும் தடுக்கும். அசிடேட்டுக்கு மாறுங்கள். மாவுப்பொருளை உடைக்கும் அமைலேஸைத் தேடுபவர், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்த்திருந்தால் கால்சியம் பறிபோயிருக்கும். விலங்குகளின் ஆல்ஃபா-அமைலேஸ்களுக்குப் பொதுவாகக் கால்சியமும் குளோரைடும் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் குழாய் அசையவில்லை என்றால், கடையில் கிடைக்கும் ஹெலிக்ஸ் பொமேஷியா நொதிக் கலவையை நேர் கட்டுப்பாடாக வைத்து ஓட்டிப் பாருங்கள். அது வேலை செய்தால் உங்கள் சாற்றில் குறை. அதுவும் வேலை செய்யவில்லை என்றால் முறையில் குறை. இந்தக் கட்டுப்பாடு இல்லாத சோதனையின் பூஜ்யத்தை நான் பூஜ்யமாக ஏற்பதில்லை.

அறிகுறி: பிளாங்க் குழாயே சிவந்து நிற்கிறது

நத்தை வேலையில் இதுதான் பெரிய தலைவலி. காரணங்கள் மூன்று, பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேரும்.

முதலாவது, தீனிப்பையில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை. நத்தை தின்றது செரித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் குறுக்கே நுழைந்து சாற்றை எடுத்திருக்கிறீர்கள். அதில் குளுகோஸும் சிறு சர்க்கரைகளும் மிதக்கும். அவை டிஎன்எஸ்ஸோடு உடனே வினை புரியும். பட்டினி இதைக் குறைக்கும், முழுதாக நீக்காது. சுத்தமான வழி, சாற்றை 10,000 டால்டன் அளவு சவ்வுப் பையில் போட்டுக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் கூழ்மப் பிரிப்பு (டயாலிசிஸ்) செய்வது; சிறு சர்க்கரைகள் வெளியேறும், நொதி பையில் தங்கும். அவசரம் என்றால் உப்பு நீக்கும் ஜெல் பத்தியில் ஒருமுறை ஓட்டலாம்.

இரண்டாவது, சாற்றின் சொந்த நிறம். ஹெலிக்ஸ் வகை நத்தைகளின் தீனிப்பைச் சாற்றில் ஹெலிகோரூபின் என்ற ஹீம் புரதம் இருக்கிறது. சைட்டோகுரோம் பி வகையைச் சேர்ந்தது. ஒடுக்கப்பட்ட நிலையில் அதன் உறிஞ்சல் பட்டைகள் 530–560 நானோமீட்டர் பகுதியில் விழுகின்றன. டிஎன்எஸ் நிறத்தை நாம் அளப்பது 540இல். ஆக, சர்க்கரையே இல்லாவிட்டாலும் சாறு தன் நிறத்தால் எண்ணை உயர்த்தும். சாற்றையும் தாங்கல் கரைசலையும் மட்டும் வைத்து, டிஎன்எஸ் சேர்க்காமல், ஒரு முழு நிறமாலை எடுத்துப் பாருங்கள். மேடுகள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எந்த அலைநீளத்தை நம்பலாம் என்பதில் ஐயம் வராது.

மூன்றாவது, உணவோடு வந்த ஃபீனால் பொருட்கள். இலை தின்ற நத்தையின் சாறு காற்றுப் பட்டதும் கருக்கும். மையவிலக்கியிலிருந்து எடுத்தபோது தேன் நிறமாக இருந்தது, பத்து நிமிடத்தில் காப்பி நிறமாகிவிட்டது என்றால் ஃபீனால்கள் ஆக்சிகரணம் அடைகின்றன. பனிக்கட்டியில் வைத்து வேலை செய்யுங்கள். பிரித்தெடுக்கும் கரைசலில் பாலிவைனைல்பாலிபிரோலிடோன் சேர்த்தால் அது ஃபீனால்களைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். இந்தக் கருப்பு கண்ணை மட்டும் உறுத்தும் விஷயம் அல்ல. ஆக்சிகரணமான ஃபீனால்கள் நொதிப் புரதத்தோடு ஒட்டி அதைக் கெடுக்கவும் செய்யும்.

இனி பிளாங்க்கை எப்படி வைப்பது என்பது. கொதிக்க வைத்த சாற்றைப் பிளாங்க்காக வைப்பது பரவலான பழக்கம். கலங்கிய கச்சாச் சாற்றில் எனக்கு அது பிடிப்பதில்லை. கொதிக்கும்போது புரதம் திரிந்து, நிறம் மாறி, அது அசல் சாற்றின் பிம்பமாகவே இருப்பதில்லை. அதைவிட நல்லது நேரம்-பூஜ்யப் பிளாங்க். தளப்பொருளோடு டிஎன்எஸ்ஸை முதலில் ஊற்றிவிட்டு, பிறகு சாற்றைச் சேர்த்து உடனே கொதிநீரில் வைக்க வேண்டும். டிஎன்எஸ்ஸின் காரத்தில் நொதி அந்தக் கணமே செயலிழக்கும். மற்ற எல்லாம் சோதனைக் குழாயில் இருப்பது போலவே இருக்கும். இதோடு சாறு இல்லாத தளப்பொருள் பிளாங்க் ஒன்றும் வேண்டும், ஏனென்றால் செல்லுலேஸ் சோதனையில் தளப்பொருளாக வைக்கும், நீரில் கரையும் செல்லுலோஸ் வகையான கார்பாக்சிமெதில்செல்லுலோஸுக்கே சிறிது ஒடுக்கும் முனைகள் உண்டு.

பிளாங்க் மதிப்பு சோதனை மதிப்பில் பாதியைத் தாண்டினால் கழித்துவிட்டு எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பெரிய எண்களின் வித்தியாசமாக வரும் சிறிய எண்ணில் பிழைதான் மிஞ்சும். கூழ்மப் பிரிப்புக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: சாறு நூல் நூலாக இழுக்கிறது, பைப்பெட்டில் ஏறவில்லை

பாதத்தின் சளி கலந்திருக்கிறது, அல்லது கருப்புரதச் சுரப்பி கிழிந்திருக்கிறது, அல்லது செரிமானச் சுரப்பியை அதிகம் அரைத்ததால் செல்களின் டிஎன்ஏ வெளியே வந்திருக்கிறது. எது என்று பிரித்தறிவது கடினம் அல்ல. தீனிப்பைச் சாற்றை மட்டும் ஊசியால் உறிஞ்சி எடுத்திருந்தும் இழுத்தால் சளி. முழு உறுப்பை அரைத்த பிறகுதான் இழுக்கிறது, ஒரு துளி டிஎன்ஏஸ் நொதியோடு இளகுகிறது என்றால் டிஎன்ஏ. இரண்டும் இல்லை, சாறு பால் போல வெளிறியிருக்கிறது என்றால் கருப்புரதச் சுரப்பியைச் சந்தேகியுங்கள்.

நத்தையை அறுக்கும் முன் உடலைத் துடைத்து, முடிந்தவரை உடல் தளர்ந்த நிலையில் திறப்பது நல்லது. பயந்து சுருங்கிய நத்தை சளியைக் கொட்டும். மயக்கமூட்ட ஆல்கஹால் பயன்படுத்துகிறவர்கள் 5 விழுக்காட்டு எத்தனாலில் தொடங்குகிறார்கள்; நொதி வேலைக்கு அதிகச் செறிவுள்ள எத்தனாலில் ஊறவிட்ட திசு ஆகாது, புரதம் திரிந்துவிடும். மெக்னீசியம் குளோரைடு ஊசியும் வழக்கத்தில் உண்டு.

பிரித்தபின் குளிரில் 10,000 ஜி விசையில் 20 நிமிடம் சுழற்றினால் பெரும்பாலான சளி அடியில் தங்கும். மேலே மிதக்கும் கொழுப்புப் படலத்தைத் தொடாமல் நடுப் பகுதியை மட்டும் எடுங்கள்.

சாறு இலேசான நீலம் காட்டுகிறதா? ரத்தம் கலந்திருக்கிறது. நத்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது தாமிரம் உள்ள ஹீமோசயனின். காற்றுப் பட்டால் நீலமாகும். நொதிக்கு அதனால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் அது அளவில் ஏராளமான புரதம். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு செயல்பாடு என்று கணக்கிடும்போது வகுக்கும் எண் வீங்கி, உங்கள் நொதி உண்மையில் இருப்பதைவிட மந்தமாகத் தெரியும். உறுப்பை எடுத்ததும் குளிர்ந்த உப்புக் கரைசலில் இரண்டு முறை அலசுவது போதும்.

அறிகுறி: தாங்கல் கரைசல் கலங்குகிறது, பிஹெச் நழுவுகிறது

நத்தை உடல் கால்சியத்தின் கிடங்கு. செரிமானச் சுரப்பியின் கால்சியம் செல்களில் பாஸ்பேட் வகை மணிகளும், ஓட்டைச் சுரக்கும் உறையான மேன்டிலிலும் இணைப்புத் திசுவிலும் கார்பனேட் மணிகளும் இருக்கின்றன. போதாதற்கு, ஓட்டை உடைக்கும்போது தெறிக்கும் துண்டுகள் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டுத் துகள் ஒன்று அமில அசிடேட் தாங்கலில் விழுந்தால் கார்பனேட் கரைந்து பிஹெச்சை மேலே தள்ளும். குழாயின் அடியில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாக எழுவதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம்.

தாங்கல் கரைசலைத் தயாரித்தபோது அளந்த பிஹெச்சை நம்பாதீர்கள். சாறு சேர்த்த பிறகு அளந்ததை நம்புங்கள். 20 மில்லிமோலார் தாங்கல் இங்கே தாக்குப்பிடிக்காது. 100 மில்லிமோலாருக்குப் போங்கள். பாஸ்பேட் தாங்கலில் வெண்கலங்கல் வந்தால் அது கால்சியம் பாஸ்பேட். அசிடேட்டுக்கோ சிட்ரேட்டுக்கோ மாற்றலாம். சிட்ரேட்டும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அமைலேஸுக்கு அது வேண்டாம்.

குடலின் எல்லாப் பகுதிக்கும் ஒரே பிஹெச்சை வைப்பதும் பொருந்தாது. ஹெலிக்ஸ் குடும்ப நத்தைகளில் நுண்ணுணரிகளால் அளந்தபோது முன்குடல் அமிலப் பக்கமும் பின்குடல் நடுநிலைப் பக்கமும் இருப்பது தெரிந்தது. குடலின் உட்புறத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதும் அந்த அளவீடுகளில்தான் தெரியவந்தது. தீனிப்பைச் சாற்றைப் பிஹெச் 5 முதல் 6 வரையிலும், குடல் சாற்றை 7க்கு அருகிலும் அளப்பது நியாயமான தொடக்கம். அதன் பிறகு உங்கள் நத்தைக்கு நீங்களே ஒரு பிஹெச் வரைகோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டிஎன்எஸ் ஒன்று சொல்கிறது, குளுகோஸ் கிட் வேறு சொல்கிறது

இரண்டும் உண்மையைச் சொல்லக்கூடும். செல்லுலோஸ் உடையும்போது செல்லோபயோஸும் (இரண்டு குளுகோஸ் இணைந்தது) இன்னும் நீளமான துண்டுகளும் வரும்; டிஎன்எஸ் அவற்றையும் எண்ணும், குளுகோஸை மட்டுமே அளக்கும் குளுகோஸ் கிட் எண்ணாது. உங்கள் சாற்றில் அந்தத் துண்டுகளைக் குளுகோஸாக்கும் பீட்டா-குளுகோசிடேஸ் குறைவு என்பதற்கு இதுவே ஒரு தடயம்.

ஆனால் கிட் முற்றிலும் ஊமையாக இருந்தால் வேறு காரணம் தேடுங்கள். குளுகோஸ் ஆக்சிடேஸ்–பெராக்சிடேஸ் கிட் ஹைட்ரஜன் பெராக்சைடை நம்பி ஓடுவது. செரிமானச் சுரப்பியில் கேட்டலேஸ் இருக்கிறது. அது அந்தப் பெராக்சைடை வழியிலேயே அழித்துவிடும். நுண்ணுயிர் வளராமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்த்திருந்தாலோ, அது பெராக்சிடேஸையே முடக்கும். சாற்றின் வினை முடிந்ததும் சில நிமிடம் கொதிக்க வைத்து, சுழற்றி, தெளிவை மட்டும் கிட்டுக்குக் கொடுத்தால் கேட்டலேஸ் பிரச்சினை தீரும். அசைடு அப்படித் தீராது. அதற்குப் பதில் டொலுவீன் ஓரிரு துளி விட்டு வினையை நடத்துங்கள். எது எப்படியானாலும், தெரிந்த அளவு குளுகோஸைச் சாற்றில் சேர்த்து அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் குறை கிட்டின் பாதையில்.

அறிகுறி: அயோடின் சோதனையில் கட்டுப்பாட்டுக் குழாயிலும் நீலம் மறைகிறது

குழாய் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெப்பத்தில் ஸ்டார்ச்–அயோடின் நீலம் மறையும், ஆறினால் திரும்பும். காரமான கரைசலிலும் நீலம் நிற்காது. இரண்டும் இல்லை என்றால், சாற்றில் உள்ள தயோல் வகைப் (கந்தகம் கொண்ட) பொருட்களும் இலையின் அஸ்கார்பிக் அமிலமும் அயோடினைத் தின்கின்றன. கூழ்மப் பிரிப்பு இதையும் சரிசெய்யும்.

அறிகுறி: ஒரு நத்தைக்கும் அடுத்த நத்தைக்கும் எண்கள் எட்டாத தூரத்தில்

இது பிழையாகவும் இருக்கலாம், உயிரியலாகவும் இருக்கலாம். பிரிப்பதற்கு எளிய வழி: ஒரே நத்தையின் சாற்றை மூன்றாகப் பிரித்து அளங்கள். மூன்றும் ஒத்துப்போனால் கை சரியாக இருக்கிறது, வேறுபாடு நத்தைகளுடையது.

நத்தைகள் இருட்டில் மேய்பவை. காலையில் அறுத்த நத்தையின் தீனிப்பையும் மாலையில் அறுத்ததன் தீனிப்பையும் ஒரே கட்டத்தில் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுங்கள். வயது, முட்டையிடும் பருவம், ஒட்டுண்ணி ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். செரிமானச் சுரப்பிதான் பல ஒட்டுண்ணிப் புழுக்களின் இளம்பருவங்கள் குடியேறும் இடம். சுரப்பி வழக்கமான சீரான பழுப்பாக இல்லாமல் வெளிறி, சிறு பைகளாகப் புடைத்திருந்தால் அந்த நத்தையைத் தனியாக வையுங்கள்.

அலகும் ஏமாற்றும். நத்தையின் உடல் எடை நீரோடு ஏறி இறங்கும். மழையில் நனைந்ததும் வறண்டதும் ஒரே விலங்கே என்றாலும் எடை வேறு. ஒரு கிராம் உடல் எடைக்கு இவ்வளவு என்று எழுதினால் நீர் அளவின் ஏற்ற இறக்கமே நொதியின் ஏற்ற இறக்கமாகத் தோன்றும். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு என்பது மேல். முழுத் தீனிப்பைக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துத் தருவது இன்னும் மேல். ஏனெனில் சாறு நீர்த்துப்போனால் செறிவு குறையும், மொத்தம் குறையாது.

எச்சத்தையும் பாருங்கள் என்று சொல்வேன். கூண்டின் சுவரில் நத்தை விட்டுப்போகும் சுருள் எச்சத்தில் உணவின் நிறம் அப்படியே இருக்கும். கேரட் தின்றால் ஆரஞ்சு, இலை தின்றால் பச்சை. நார் நிறைந்த தடித்த பகுதி இரைப்பை நேரே தள்ளிவிட்டது; மென்மையான, மெல்லிய, கருமையான இழை செரிமானச் சுரப்பி வேலை முடித்து அனுப்பிய கழிவு. இரண்டாவது வகை வருகிறது என்றால் சுரப்பி செரிமானத்தில் ஈடுபட்டிருக்கிறது. நத்தையைக் கொல்லாமலே கிடைக்கும் தகவல் இது.

அறிகுறி: நேற்று இருந்த செயல்பாடு இன்று இல்லை

செரிமானச் சுரப்பியை அரைத்தபோது செல்களுக்குள் பூட்டியிருந்த புரோட்டியேஸ்கள் வெளியே வந்துவிட்டன. அவை மற்ற நொதிகளைத் தின்கின்றன. தீனிப்பைச் சாற்றை மட்டும் வைத்திருந்தால் இந்த இழப்பு குறைவு. சுரப்பியே வேண்டும் என்றால், அமில பிஹெச்சில் வேலை செய்யும் புரோட்டியேஸ்களைத் தடுக்க பெப்ஸ்டாட்டின், இ-64 ஆகிய தடுப்பான்கள் பொருத்தம். பிஎம்எஸ்எஃப் என்ற தடுப்பான் முக்கியமாகச் செரீன் வகைப் புரோட்டியேஸ்களுக்கு. நீரில் அது விரைவில் சிதைந்துவிடும், அரைக்கும் தருணத்தில்தான் சேர்க்க வேண்டும்.

சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். எடுத்ததைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். 20 விழுக்காடு கிளிசரால் உதவும்; ஆனால் கிளிசரால் சேர்த்த சாற்றைக் கொண்டு பாகுமை முறையில் செல்லுலேஸை அளக்கப் போகிறீர்கள் என்றால் கிளிசராலின் சொந்தப் பாகுமையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

அறிகுறி: செல்லுலேஸ் கிடைத்துவிட்டது, அது நத்தையுடையதா, பாக்டீரியாவுடையதா என்று கேட்கிறார்கள்

கேள்வி நியாயமானது. விலங்குகளுக்குச் சொந்தச் செல்லுலேஸ் கிடையாது, எல்லாம் குடல் நுண்ணுயிரிகளின் உழைப்பு என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1998இல் கரையானின் சொந்த மரபணுவிலிருந்தே செல்லுலேஸ் வருகிறது என்று காட்டப்பட்டபோது அது உடைந்தது. மெல்லுடலிகளிலும் சொந்தச் செல்லுலேஸ் மரபணுக்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. மறுபக்கம், அகாட்டினா ஃபுலிகாவின் தீனிப்பையில் உள்ள நுண்ணுயிர்க் கூட்டத்தின் மொத்த மரபணுத் தொகுப்பை 2012இல் படித்தபோது, தாவரப் பல்சர்க்கரைகளை உடைக்கும் மரபணுக்கள் அதில் நிறையவே இருந்தன. ஆகவே இரு தரப்பும் வேலை செய்கிறது என்ற எண்ணத்தோடுதான் தொடங்க வேண்டும்.

நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அளப்பது பலர் முதலில் நாடும் வழி. அதில் ஒரு ஓட்டை உண்டு: மருந்து பட்ட நத்தை தீனியையும் குறைத்துக்கொள்ளும், செயல்பாடு அதனாலேயே இறங்கலாம். மருந்து இல்லாமல் அதே அளவு குறைவாகத் தின்ற இன்னொரு குழுவை இணையாக வைத்தால்தான் ஒப்பீடு செல்லும்.

நான் முதலில் செய்வது உறுப்பு வாரியாகப் பிரித்து அளப்பது. அலசிய உமிழ்நீர்ச் சுரப்பி, அலசிய செரிமானச் சுரப்பி, தீனிப்பைச் சாறு ஆகிய மூன்றையும் கார்பாக்சிமெதில்செல்லுலோஸ் கலந்த ஜெல்லில், புரதத்தைத் திரிக்காமல், அருகருகே ஓட்ட வேண்டும். பிறகு காங்கோ சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து 1 மோலார் உப்புக் கரைசலில் அலசினால், நொதி இருந்த இடம் மட்டும் சிவப்புப் பின்னணியில் வெளிறிய பட்டையாகத் தெரியும். அதே ஜெல்லில், தீனிப்பையிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாக்களின் சாற்றையும் ஒரு வரிசையில் ஓட்டுங்கள். சுரப்பியிலும் சாற்றிலும் பொதுவாக இருந்து பாக்டீரியா வரிசையில் இல்லாத பட்டை, நத்தையின் கணக்கில் சேரத் தகுதியுள்ளது. பாக்டீரியா வரிசையோடு மட்டும் ஒத்துப்போவது நுண்ணுயிரியின் கணக்கு. வளர்ப்புத் தட்டில் முளைக்காத பாக்டீரியாக்கள் குடலில் நிறைய உண்டு என்பதால், முதல் வகைப் பட்டையை ஜெல்லிலிருந்து வெட்டி எடுத்து, அதன் பெப்டைடு வரிசையை நத்தையின் மரபணுத் தொகுப்போடு பொருத்திய பிறகே அது நத்தையின் நொதி என்று எழுதுங்கள். அதுவரை முடிவுகள் பகுதியில் ‘தீனிப்பைச் சாற்றின் செல்லுலேஸ்’ என்ற பெயரே அதற்குப் போதும்.